நிற்பவர்களுக்கும் இடம் வேண்டும்: திருப்பூர் வட்டாரப் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம், தாராபுரம் பகுதிகளில் மின்னொளி கபடியும் கால்பந்தும் ஜல்லிக்கட்டும் நடத்தும் விழாக் குழுவினருக்கும், அவற்றுக்குப் பணம் கொடுத்து ஆதரிக்கும் பனியன் கம்பெனி உரிமையாளர்களுக்கும்:

உங்கள் போட்டிகளுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் நின்று பார்ப்பவர்கள். சனிக்கிழமை வாரச்சம்பளம் வாங்கிய பிறகோ, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் விடுமுறையிலோ வருகிறவர்கள். பவர்டேபிளிலும் செக்கிங்கிலும் அயர்ன் டேபிளிலும் வாரமெல்லாம் உழைத்துவிட்டு, டிக்கெட்டுக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்க முடியாதவர்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஸ்பான்சர்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்க, அதற்குப் பின்னால் கயிற்றை ஒட்டித் தோளோடு தோள் உரசி நிற்பவர்கள். ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பதே அவர்கள் சத்தம்தான். ஆனால் மைதானத்தைத் திட்டமிடும்போது மேடைக்கு இடம் குறிக்கிறீர்கள், நாற்காலிக்குக் குறிக்கிறீர்கள், ஸ்டாலுக்குக் குறிக்கிறீர்கள். இவர்களுக்கு மிச்சமிருக்கும் மண்தான் கிடைக்கிறது. அந்த மண் எத்தனை பேரைத் தாங்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

இப்போது பேச வேண்டிய காரணம் உங்களுக்குத் தெரியும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் அரசியல் கூட்டமொன்றில் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். கரூர் நமக்கு வேற்றூர் இல்லை. நம்மைப் போலவே துணியால் வாழும் ஊர். 10 ஆயிரம் பேர் வருவார்கள் என்று சொல்லி அனுமதி வாங்கிய இடத்தில் 27 ஆயிரம் பேர் வரை திரண்டார்கள் என்று காவல்துறை சொன்னது. அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜூன் 4 அன்று, பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் இறந்தார்கள். இவற்றுக்குப் பிறகு, போட்டி நடத்தும் எவர் மனத்திலும் முதலில் எழும் எண்ணம் ஒன்றுதான்: நிற்க வைத்தால் வம்பு, எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிடலாம், டிக்கெட் வைத்துவிடலாம், நாற்காலி கிடைக்காதவர்கள் யூடியூபில் பார்த்துக்கொள்ளட்டும். இந்த எண்ணம் நல்ல நோக்கத்தில் பிறப்பதுதான். ஆனால் அது ஆபத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது. சின்னசாமி முழுக்க இருக்கைகள் கொண்ட மைதானம். ஏறத்தாழ 35 ஆயிரம் இருக்கைகள் உள்ளே இருந்தும், வாசலுக்கு வெளியே யாரும் எண்ணாத, யாரும் வழி பிரித்துவிடாத கூட்டத்தில்தான் அந்த 11 உயிர்கள் போயின.

இந்தத் தவறான தேடல் உலகில் ஏற்கனவே ஒருமுறை, மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அதன் முழுக்கதையும் நமக்குத் தேவை. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்கள் நின்று பார்க்கும் படிமேடை, கம்பிவேலிகளால் கூண்டு கூண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாசலில் கூட்டம் முட்டியதால் காவல்துறை வெளியேறும் கதவொன்றைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் எதிரே தெரிந்த சுரங்கப்பாதை வழியாக, ஏற்கனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பாதையை அடைத்து அவர்களைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட யாரும் நிற்கவில்லை. பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தது. முன்னால் உயர்ந்த வேலி. மொத்தம் 97 பேர் இறந்தார்கள். அவர்களில் கடைசி ஆள் அன்று பட்ட காயத்தின் விளைவாக 32 ஆண்டுகள் கழித்து, 2021இல் இறந்தார். பழி பல ஆண்டுகள் ரசிகர்கள் மேலேயே சுமத்தப்பட்டது. 2016இல்தான் மரண விசாரணையின் நடுவர் குழு, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள்மீது தவறில்லை என்றும் முடிவு சொன்னது.

அந்தத் துயரம் நிகழ்ந்ததுமே விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர், காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்று எழுதினார். நின்று பார்ப்பது தன்னளவில் ஆபத்தானது அல்ல என்பதையும் அவர் தன் 1990 இறுதி அறிக்கையில் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் பெரிய மைதானங்கள் எல்லாம் இருக்கை மயமாக வேண்டும் என்று பரிந்துரைத்தார். இங்கிலாந்தின் மேல்நிலை இரண்டு பிரிவுகளிலும் 1994க்குள் நின்று பார்க்கும் படிமேடைகள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. இருக்கை வந்தாலும் விலை ஏறத் தேவையில்லை என்று டெய்லர் நம்பினார்; கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆறு பவுண்டுக்கு உட்கார்ந்து பார்க்க முடிகிறது என்று உதாரணமும் காட்டினார். நடந்தது வேறு. விலை பல மடங்கு ஏறியது. தலைமுறை தலைமுறையாக நின்று பார்த்த தொழிலாளர் குடும்பங்கள் மெல்ல மெல்ல மைதானத்துக்கு வெளியே போயின. மிச்சமிருந்த ரசிகர்களும் இருக்கைக்கு முன்னால் எழுந்து நின்றே பார்த்தார்கள். முழங்கால் உயர இருக்கை முதுகைத் தவிரப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத அந்த நிற்றல், பழைய படிமேடையில் கம்பியைப் பிடித்து நின்றதைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

ஜெர்மனி வேறு வழி தேடியது. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்குப் படிமேடையில் இன்றும் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் நின்று பார்க்கிறார்கள். அங்கே நிற்கும் இடத்துக்குத்தான் மலிவான டிக்கெட். தடுப்புக் கம்பிகளும் நுழைவு எண்ணிக்கையும் அந்தக் கூட்டத்தை ஒழுங்காக வைத்திருக்கின்றன. வரிசைக்கு வரிசை இடுப்புயரக் கம்பியும் அதோடு பூட்டி வைக்கக்கூடிய மடக்கு இருக்கையும் கொண்ட அமைப்பு ஜெர்மனியிலிருந்தே பரவியது; ஸ்காட்லாந்தின் செல்டிக் மன்றம் 2016இல் அதைப் பொருத்தியது. இங்கிலாந்து ரசிகர்கள் விடாமல் போராடினார்கள். 2018இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்ற விவாதம் வரை போனது. இதில் உங்கள் மனத்தில் தைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஹில்ஸ்பரோவில் தன் பிள்ளைகளை இழந்த நகரம் லிவர்பூல். அங்கே நிற்கும் இடம் திரும்ப வருவதை எதிர்த்த குடும்பங்கள் இருந்தன; அவர்களின் துயரத்துக்கு முன்னால் எவரும் தலைகுனியத்தான் வேண்டும். ஆனால் 2017இல் லிவர்பூல் மன்றத்தின் ரசிகர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தியபோது 88 விழுக்காட்டினர் கம்பியோடு கூடிய பாதுகாப்பான நிற்கும் இடத்தை ஆதரித்தார்கள். 2022 ஜனவரியில் செல்சி, மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, டாட்டன்ஹாம், கார்டிஃப் ஆகிய ஐந்து மன்றங்களில் சோதனை நடந்தது. கோல் விழும்போது வரிசை மேல் வரிசையாகச் சரிந்து விழும் ஆபத்தைக் கம்பி தடுக்கிறது என்று சோதனை காட்டிய பிறகு, அந்த ஆண்டுப் பருவத்திலிருந்தே அனுமதி சட்டப்படி வந்துவிட்டது. கிட்டத்தட்ட 30 ஆண்டு சுற்றி வந்து ஒரு நாடு கற்ற பாடம் நம் கையில் இருக்கிறது. நாம் மறுபடியும் அதே 30 ஆண்டு சுற்ற வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தின்போது 16 ரசிகர்கள் இறந்தார்கள். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்திருந்தார்கள்; கைகலப்பு மூண்டதும் தப்பி ஓட வழி போதவில்லை. அதன் பிறகும் கொல்கத்தா தன் கூட்டத்தை விரட்டிவிடவில்லை. 1997 ஜூலையில் சால்ட் லேக் மைதானத்தில் அதே இரண்டு அணிகளின் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க 1,31,781 பேர் வந்தார்கள். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக அங்கே தனித்தனி இருக்கைகள் பொருத்தப்பட்டபோது கொள்ளளவு ஏறத்தாழ அதில் பாதியாகக் குறைந்தது. இருக்கை வந்தால் எத்தனை பேர் வெளியே போக வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான கணக்கு வேண்டாம். உட்கார வைத்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டித் தொடக்க விழாவில் தற்காலிகக் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2022 மார்ச்சில் மலப்புரம் பூங்கோட்டில் எழுவர் கால்பந்துப் போட்டியின் தற்காலிகக் கேலரி அளவுக்கு மிஞ்சிய பாரத்தில் அப்படியே சாய்ந்தது. கட்டைகளைக் கட்டி அடுக்கிய அந்தக் கேலரிகளைவிட, சமதரையில் கம்பி நட்டு நிற்க வைப்பது எவ்வளவோ மேல். உங்களில் பலர் போட்டிக்குப் போட்டி எழுப்புவது இந்த வகைக் கேலரிகளைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒழுங்குபடுத்தித் திரும்பக் கொண்டுவருவது நமக்குப் புதிதும் இல்லை. 2014இல் தடைசெய்யப்பட்ட ஜல்லிக்கட்டு 2017இல் திரும்பி வந்தபோது, விதிகளோடுதான் வந்தது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி, இரட்டைத் தடுப்பு வேலி, பார்வையாளர் கேலரி உறுதியாக இருக்கிறதா என்று பொதுப்பணித் துறையின் சான்று. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஜல்லிக்கட்டை அனுமதித்த தமிழ்நாட்டுச் சட்டத்தை உறுதிசெய்தது. நம் மாவட்டத்து அலகுமலையில் ஜல்லிக்கட்டு நடத்துகிறவர்களுக்கு இந்த விதிகள் மனப்பாடம். காளைக்கும் மாடுபிடி வீரருக்கும் இத்தனை கவனத்தோடு இடம் வகுக்க முடிந்த நம்மால், கபடி பார்க்க வரும் செக்கிங் தொழிலாளிக்கு ஒரு கம்பி நட முடியாதா?

கம்பெனி உரிமையாளர்களே, இனி உங்களிடம் தனியாக. 2012 நவம்பரில் வங்கதேசத்தின் டாஸ்ரீன் ஆலைத் தீயில், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் சிக்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2013 ஏப்ரலில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பையர் ஆடிட் எவ்வளவு இறுகியது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் தளத்தில் நடைபாதைக்கு மஞ்சள் கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டின் மேல் ஒரு பீஸ் பண்டல் கிடந்தாலும் சூப்பர்வைசரைக் கேட்கிறீர்கள். எமர்ஜென்சி எக்ஸிட் பூட்டியிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்கிறீர்கள். ஃபயர் டிரில் நடத்தி, வெளியே வந்தவர்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறீர்கள். ஆக, கூட்டப் பாதுகாப்பு பற்றி இந்தியாவின் பல ஊர்களுக்குத் தெரியாதது திருப்பூருக்குத் தெரியும். அதே தொழிலாளர்கள், அதே ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கம்பெனி பெயர் பொறித்த பேனருக்குக் கீழே வந்து நிற்கிறார்கள். அங்கே மஞ்சள் கோடு இல்லை. வெளியேறும் வழியில் பைக்குகள் நிற்கின்றன. எண்ணுகிறவர் யாருமில்லை. ஆலைக்குள் உங்கள் பொறுப்பாக இருக்கும் உயிர், உங்கள் செலவில் நடக்கும் போட்டியில் மட்டும் யார் பொறுப்பு?

எண்ணுவது கடினமில்லை. இங்கிலாந்தின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, எல்லாத் தடுப்புக் கம்பிகளும் சரியாக இருக்கும் நல்ல படிமேடையில்கூட 10 சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது. நம் கணக்கில் அது ஒருவருக்கு 2.3 சதுர அடி. அதுவும் உச்ச வரம்பு. மேடு பள்ளமான ஊர் மைதானத்தில் ஒருவருக்கு ஐந்து சதுர அடி கொடுங்கள். ஆடுகளத்தின் ஒரு பக்கம் 60 அடி நீளமும் 20 அடி ஆழமும் கொண்ட இடம் இருந்தால், அங்கே 240 பேர். அதற்கு மேல் ஒருவர்கூட வேண்டாம். வெளியேறும் வழிக்கும் அதே வழிகாட்டியில் கணக்கு உண்டு: சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே. பத்தடி அகல வாசல் ஒன்று எட்டு நிமிடத்தில் 2,000 பேரை வெளியேற்றும் என்று வரும். இருட்டையும் மண்ணையும் கருதி அதைப் பாதியாக்கி 1,000 என்று வையுங்கள். மூவாயிரம் பேர் வருவார்கள் என்றால் மூன்று வாசல், மூன்றும் திறந்து, மூன்றிலும் ஆள் நின்று. இந்தக் கணக்குக்கு ஒரு டேப்பும் ஒரு தாளும் போதும். கட்டிங் மாஸ்டர் துணிக்குப் போடும் கணக்கைவிட எளிது.

உங்கள் மறுப்புகளை நான் அறிவேன். காவல்துறை அனுமதி தராது என்பீர்கள். இன்று நீங்கள் கொடுக்கும் மனுவில் சுமார் இவ்வளவு பேர் என்று ஓர் எண் மட்டும் இருக்கிறது. அதற்கு ஆதாரம் கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும். நிற்கும் இடத்தின் அளவு, கம்பி நடும் இடம், வாசல், நுழைவில் எண்ணும் முறை எல்லாம் வரைந்த ஒரு வரைபடத்தோடு போனால், மறுப்பதற்கான காரணத்தை நீங்களே குறைத்துவிடுகிறீர்கள். கரூருக்குப் பிறகு கூட்டங்களுக்கு நெறிமுறை வேண்டும் என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அரங்கமில்லாத விளையாட்டுப் போட்டிகளும் அந்தப் பார்வையில் வரும் நாள் தொலைவில் இல்லை. நிற்பவர்கள்தான் குடித்துவிட்டுத் தகராறு செய்கிறார்கள் என்பீர்கள். குடித்துவிட்டு வருகிறவரை வாசலில் நிறுத்த வேண்டும். அதற்கு முதலில் வாசல் வேண்டும், எண்ணுகிறவர் வேண்டும். இப்போதுள்ள திறந்த வெளியில் யாரும் யாரையும் நிறுத்த முடியாது. செலவு ஆகும் என்பதும் உண்மைதான். ஆனால் முதல் பரிசுத் தொகையையும் ஆளுயரக் கோப்பையையும் ஒவ்வோர் ஆண்டும் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். மூன்றரை அடி உயர ஜி.ஐ. பைப் தடுப்புகள் ஒருமுறை செய்துவிட்டால் கழற்றி மாட்டிப் பல ஆண்டு பயன்படுத்தலாம். ஒரு வட்டாரத்துக் குழுக்கள் சேர்ந்து ஒரே தொகுதியை வாங்கி மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

இருப்பதிலேயே வலுவான மறுப்பு, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் எப்படி நிற்பார்கள் என்பது. அதற்கு முழு மதிப்புக் கொடுக்கிறேன். நாற்காலிகளை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உட்கார வேண்டியவர்களுக்கு நாற்காலி இருக்கட்டும். நிற்பவர்களுக்குத் தனி இடம் இருந்தால், நாற்காலிக்கு முன்னால் யாரும் எழுந்து மறைக்கவும் மாட்டார்கள். நம் ஊரின் பனியன் கம்பெனிகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். மைதானத்தில் அவர்களைக் காண்பது அரிது. நெருக்கியடிக்கும் இருட்டுக் கூட்டத்துக்குள் வர அவர்கள் தயங்குவது நியாயமே. வெளிச்சமும் கம்பியும் தனி நுழைவும் உள்ள நிற்கும் பகுதி ஒன்றை அவர்களுக்கென்று ஒதுக்கிப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் ஊரில் உழைக்கிறவர்கள் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். வெளியேறுங்கள் என்ற அறிவிப்பு தமிழில் மட்டும் ஒலித்தால் அவர்களுக்கு எட்டாது. இந்தியிலும் ஒருவர் சொல்லட்டும்.

நான் கேட்பது இதுதான். வரும் தைப்பொங்கல் போட்டிகளிலிருந்தே நின்று பார்க்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறியுங்கள். அதை ஐம்பது, நூறு பேர் கொள்ளும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முன்னும் கம்பி நடுங்கள்; ஆடுகளத்துப் பக்கம் ஆபத்தில் திறக்கக்கூடிய இடைவெளி விடுங்கள், ஹில்ஸ்பரோ போல் அடைக்காதீர்கள். அங்கே நிற்பதற்குப் பணம் வாங்காமல் இலவச டோக்கன் கொடுங்கள். டோக்கன் தீர்ந்ததும் வாசலை மூடி, வெளியே நிற்பவர்களுக்குத் திரை வையுங்கள். கூட்டம் நெருக்கினால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தை, சிறப்பு விருந்தினரிடமும் கேட்காமல் செயல்படுத்த, ஒரே ஒருவருக்குக் கொடுங்கள். ஸ்பான்சர்களே, இத்தனையும் செய்யாத குழுவுக்கு உங்கள் பெயரையும் பணத்தையும் தராதீர்கள். முதல் வேலையாக, அடுத்த போட்டிக்கு அடிக்கும் நோட்டீஸில் பரிசுத் தொகைக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: நின்று பார்க்க எத்தனை பேருக்கு இடம் உண்டு என்ற எண்.

இப்படிக்கு,
உங்கள் மைதானங்களின் நலம் நாடும் ஒருவர்